மைனஸ் ஒன்று

இரவு இரண்டரைக்கு ஏலோஃப் கூப்பிட்டார்.
"உன் பெட்டி ஜன்னல்களைத் திறந்துவிட்டது, மாய்லிஸ்.
எல்லா ஜன்னல்களையும்."
வைத்துவிட்டார்.

நேர்பெஸ் சாலையில் அந்த வருடத்தின் முதல் உறைபனி.
பின்னிருக்கையில் மடிப்பு மடிப்பாய்
நிரல் அச்சிட்ட தாள்,
நான் தின்ன மறந்த ரொட்டி.
தூரத்தில் கண்ணாடி வீடுகள்.
ஒன்றிலிருந்து மட்டும் ஆவி
நேரே வானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே நாலாயிரம் தக்காளிக் கொடிகள்.
ஓர இலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன.
ஏலோஃப் கைப்பிடியைச் சுழற்றி
ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டிருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.

உர மூட்டைமேல் உட்கார்ந்து தாளை விரித்தேன்.

ஒப்பிடு என்றால் செயலி என்ன செய்கிறது?
கழிக்கிறது. அவ்வளவுதான்.
வெளியே உள்ள டிகிரியிலிருந்து நாலைக் கழித்து
விடையைத் தூர எறிந்துவிடுகிறது.
மிஞ்சுவது சின்னக் கொடிகள்:
சுழியமா வந்தது,
கடன் வாங்க நேர்ந்ததா,
முன்னால் மைனஸ் குறி விழுந்ததா,
பாத்திரம் கொள்ளாமல் வழிந்ததா.
ஏறியிருக்கும், அல்லது இறங்கியிருக்கும்.
சண்டையை யாரும் பார்க்கவில்லை;
சட்டையில் எந்தப் பொத்தான் அறுந்தது
என்று மட்டும் தெரிகிறது.

வேறொரு கணக்கு வந்து கலைக்கும் வரைதான்
அவற்றுக்கு ஆயுள்.
அதற்குள் கேட்டுவிட வேண்டும்.
தாவு என்கிறது அடுத்த வரி.
எந்தக் கொடியைப் பார்த்துத் தாவுவது என்பதை
எழுதியவள் சொல்ல வேண்டும்.

எழுதியவள் நான்.
ஜூலையில், குட்டைக்கை சட்டையோடு.
கடன் கொடியைப் பார் என்றேன்,
பள்ளிக்கூடக் கணக்குப் போல:
மூன்றிலிருந்து நாலு போகாது, கடன் வாங்கு.
கடன் வாங்கினால் குளிர்; கொதிகலனை ஏற்று.
மூன்றுக்குச் சரி. இரண்டுக்குச் சரி.
சுழியத்துக்கும் சரி.

மைனஸ் ஒன்று
எட்டுப் பிட்டுகளில் எட்டு ஒன்றுகளாய் நிற்கும்.
குறி பார்க்காத கண்ணுக்கு
அது இருநூற்று ஐம்பத்தைந்து.
அதிலிருந்து நாலு தாராளமாகப் போகும்,
யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.
நேர்பெஸில் இன்றிரவு ரொட்டி அடுப்பின் வெப்பம்
என்று முடிவுகட்டி
என் பெட்டி கொதிகலனை அணைத்து,
செடிகளுக்குக் காற்று வரட்டுமென்று
கரிசனமாய் ஜன்னல்களைத் திறந்திருக்கிறது.

பக்கத்திலேயே குறிக் கொடி ஏறித்தான் இருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

குறியை மட்டும் நம்பினாலும் ஆகாது.
மைனஸ் நூற்று இருபத்தைந்தில் நாலைக் கழித்தால்
எட்டுப் பிட்டு தாங்காது; சுற்றி வந்து
பிளஸ் நூற்று இருபத்தேழு என்று முகம் காட்டும்.
அப்போது வழிதல் கொடி எழுந்து
குறி சொல்வது பொய் என்று சாட்சி சொல்லும்.
இருவரையும் சேர்த்துத்தான் விசாரிக்க வேண்டும்.
அவர்கள் முரண்பட்டால், முதல் எண் சிறியது.
அப்படியொரு குளிர் பூமியில் எங்கும் இல்லை.
இருந்தும் அதற்கும் சேர்த்துக் கேட்கிற தாவல் ஒன்று
கையேட்டின் அதே பக்கத்தில்
சில வரிகள் கீழே இருந்தது.

25 இருந்த இடத்தில் 2D.
பிரித்து எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு பிட்.
அந்த ஒன்றை ஏற்ற
சில்லு முழுவதையும் அழித்தாக வேண்டும்:
புற ஊதா விளக்கின் கீழே இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடமும்
மறுகோடியிலிருந்து கைப்பிடி சுழற்றினேன்.
நடுவில் சந்தித்துக்கொண்டோம்.
"என்ன தப்பு?" என்றார்.
"பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதை மறந்துவிட்டேன்."
"இங்கேயா?" என்றார்.

ஐந்து பத்துக்கு ரிலே 'டக்' என்றது.
கொதிகலன் இருமிப் பற்றிக்கொண்டது.
வெளியே மைனஸ் மூன்று.
பெட்டிக்கும் அது மைனஸ் மூன்று.

விடியும்போது ஏலோஃப்
ஓர வரிசைக் கொடிகளை அறுத்துக்
கூடையில் போட்டுக்கொண்டிருந்தார், எண்ணாமல்.
நான் எண்ணினேன். முப்பத்தொன்று.
நாலாயிரத்திலிருந்து கழித்தேன்.
விடையை அவரிடம் சொல்லவில்லை.